வன்னியில் வண்ணத்துப்பூச்சியும் மயிர்க்கொட்டியும்: படம் எடுத்து இனம் காண ஒரு முழு வழிகாட்டி

இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் பதிவாகியுள்ளன. அந்துப்பூச்சிகள் அதைவிடப் பல மடங்கு. யாரும் தாம் கண்ட உயிரினத்தைப் படத்தோடு பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் இலங்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கொழும்பு, கண்டிப் பக்கம் பதிவுப் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். வடக்கே வன்னியில் மாங்குளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் வந்தால் வரைபடம் வெளித்துப்போய்விடும். அங்கே பூச்சி இல்லாமல் இல்லை, பார்த்து எழுதிய ஆட்கள்தான் இல்லை. போர் நடந்த ஆண்டுகளில் காட்டோரம் கமராவோடு நிற்க யாருக்கும் முடியவில்லை. 2009க்குப் பிறகும் இதற்கென்று வந்தவர்கள் குறைவு. அதனால் இன்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் தன் வளவில் எடுக்கும் ஒரு தெளிவான படத்துக்கு, தலைநகரில் எடுக்கும் பத்துப் படங்களைவிட மதிப்பு அதிகம். இதை எண்ணித்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பூச்சிகளின் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரின் ஒலிப்பிலேயே தருகிறேன். செயலிகளில் தேடும்போது அதுதான் கைகொடுக்கும். செடிகளுக்கு நம்மூர்ப் பெயர்களே போதும்.

முதல் வேலை: செடியைப் பழகுங்கள்

பலரும் எந்தக் கமரா வாங்கலாம் என்பதில் தொடங்குகிறார்கள். நான் செடியில் தொடங்கச் சொல்வேன். வளர்ந்த வண்ணத்துப்பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் அதன் புழு குறிப்பிட்ட சில செடிகளின் இலையைத்தான் தின்னும். தாய்ப்பூச்சி அந்தச் செடியைத் தேடி வந்துதான் முட்டையிடும். செடி தெரிந்தால் எங்கே காத்திருப்பது என்று தெரியும், எடுத்த படத்துக்குப் பெயர் வைக்கும் வேலையும் பாதி முடிந்துவிடும். மாடு மேய்த்தவர், தேன் எடுக்கப் போனவர், கை மருந்து தெரிந்த அம்மம்மா என்று செடியின் பெயர் சொல்ல வன்னியில் எந்த ஊரிலும் ஆள் இருக்கிறது. அவர்களைக் கேளுங்கள். இது புத்தகத்தில் தேடிப் பெற முடியாத உதவி.

வளவுக்குள்ளேயே தொடங்கலாம். தேசி, தோடை, கறிவேப்பிலை, விளாத்தி ஆகியவற்றில் லைம் பட்டர்ஃபிளையின் புழு இருக்கும். தேசியிலும் கறிவேப்பிலையிலும் கொமன் மோர்மனும் முட்டையிடும். மாமர இலையில் கொமன் பேரன் என்ற பூச்சியின் பச்சைப் புழு நடுநரம்போடு ஒட்டிக் கிடக்கும். பக்கவாட்டில் இறகு போன்ற முட்கள் விரிந்திருப்பதால் அரை அடி தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் இலை என்றே தோன்றும். புளிய மரத்தில் பிளாக் ராஜா. ஆமணக்கில் கொமன் காஸ்டர். அலரியில் கொமன் குரோவும் ஒலியாண்டர் ஹோக்மொத் என்ற பச்சை அந்துப்பூச்சியும். மாமரக் கிளையில் பிடித்திருக்கும் குருவிச்சையை வெட்டி எறியுமுன் ஒருமுறை பாருங்கள். அடியில் மஞ்சளும் சிவப்பும் தீட்டிய கொமன் ஜெசபெல் வளர்வது அதில்தான்.

வளவைத் தாண்டினால் தரிசில் எருக்கலை. அதில் பிளேன் டைகர். இலந்தைப் பற்றையில் வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட சின்னக் கொமன் பியரோ. குளத்தோர நீர்முள்ளியில் பீகொக் பான்சி. கொன்றையில் லெமன் எமிக்ரன்ற், ஆவரசில் மொட்டில்ட் எமிக்ரன்ற். மணற்பாங்கான, முட்பற்றை நிறைந்த மன்னார்ப் பக்கம் விழுதிச் செடி தென்பட்டால் அதைச் சுற்றிச் சிறகு நுனியில் சிவப்புப் பூசிய கிரிம்சன் டிப் பறக்கிறதா என்று பாருங்கள். ஈச்சுரமூலிக் கொடியில் கொமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் இரண்டும் வளரும்.

முதிரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாண்டட் பீகொக் என்ற பச்சை மினுக்கம் உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழு முதிரை இலையை உண்டு வளரும். முதிரை வன்னிக் காட்டின் விலை உயர்ந்த மரம், அதனாலேயே களவாக வெட்டப்படுவது. முதிரை நிற்கும் இடத்தில் இந்தப் பூச்சியைக் கண்டால் படம் எடுத்து இடத்தையும் கட்டாயம் குறித்து வையுங்கள்.

எப்போது போவது

வன்னிக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. மழை பட்டதும் துளிர், துளிரில் முட்டை, அப்புறம் புழு, கூடு, பூச்சி. ஆகவே டிசெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காலபோக நெல் நிற்கும் நாட்களில் வயல் வரம்பும் வாய்க்கால் ஓரமும் மூக்குத்திப் பூண்டும் நாயுண்ணியும் பூத்து நிறைந்திருக்கும். தொடங்குபவருக்கு அதைவிட வேறு இடம் வேண்டாம். ஏப்ரலில் இடியோடு வரும் மழைக்குப் பிறகும் ஒரு சிறு எழுச்சி உண்டு.

பெருமழைக்கு முன்பின்னான வாரங்களில் வெள்ளையும் மஞ்சளுமான பூச்சிகள் ஒரே திசையில் இடைவிடாமல் பறந்து போவதைக் காணலாம். எமிக்ரன்ற், அல்பற்றோஸ் வகைகள் இந்தக் கூட்டத்தில் வழக்கமாக இருக்கும். பறப்பதைப் படம் எடுக்க மெனக்கெட வேண்டாம். எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எத்தனை மணிக்கு, ஐந்து நிமிடத்தில் ஒரு கோட்டைக் கடந்தவை எத்தனை என்று எழுதி வையுங்கள். எங்கேயாவது பூவில் இறங்கும் ஒன்றை மட்டும் படம் பிடித்தால் போதும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வீசும், நிலம் காயும், பூச்சி குறையும். அந்த மாதங்களில் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களின் ஈரக் கரை, ஆற்றோர மருத நிழல், கிணற்றடியில் தண்ணீர் சிந்தும் இடம். ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் ஆண்கள். அவை எடுப்பது தண்ணீரோடு கரைந்திருக்கும் உப்புச் சத்து. அந்த நேரத்தில் அவற்றுக்குப் பயம் குறைவு, படத்துக்கு அது பெரிய வாய்ப்பு. பாலைப்பழம் உதிரும் காலத்தில் மரத்தடியைத் தவற விடாதீர்கள். பூவுக்கே வராத பழம் தின்னிகள் அழுகிய பழத்துக்கு இறங்கும்.

நாளுக்குள் காலை ஏழரை முதல் பத்து வரை சிறந்தது. பூச்சி இன்னும் சூடேறாமல் சிறகை விரித்து வெயில் காயும். பதினொரு மணிக்கு மேல் அது ஓயாமல் பறக்கும், வெயிலும் படத்தை வெளிறச் செய்யும். அந்த நேரத்தில் நிழலில் புழு தேடுங்கள்.

கால் வைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்க வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது. பல இடங்கள் மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டன, எல்லாம் முடிந்துவிடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ அடையாள நாடாவோ தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்கக் கூடாது, எப்படிப்பட்ட பூச்சி அங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி. பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச்சனம் நாளாந்தம் புழங்கும் பாதை, மாடு போகும் தடம், பயிர் செய்யும் நிலம் ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். பூச்சியைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள் நுழையும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். இரும்புத் துண்டு எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள்.

புடையன் பாம்பு வெயில் காய்வதும் வண்ணத்துப்பூச்சி வெயில் காய்வதும் ஒரே நேரம், ஒரே புல்வெளி. மூடிய சப்பாத்துப் போடுங்கள். முழங்காலில் குந்துமுன் நிலத்தைப் பாருங்கள். குளக்கட்டிலும் காட்டோரத்திலும் பின்னேரத்துக்குப் பிறகு யானை வரும் இடங்கள் எவை என்று அயலவரிடம் கேட்டு வைத்திருங்கள்.

இராணுவ முகாம் ஓரம் கமரா நீட்ட வேண்டாம். அடுத்தவர் காணிக்குள் போகுமுன் கேளுங்கள். என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்பவருக்குப் போனில் உள்ள படங்களைக் காட்டினால் பெரும்பாலும் அவரே இன்னொரு இடம் சொல்லிவிடுவார். மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காக்களுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் உண்டு. அங்கே பிடிப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். யால பூங்காவில் பூச்சிகளைப் போத்தலில் பிடித்த இரண்டு இத்தாலியருக்கு 2024இல் 6 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. நமக்குப் படம் போதும்.

கருவி

கையில் இருக்கும் போனே போதும். வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கும் லென்ஸ் உள்ள போன் நல்லது. போனில் கொளுவும் சின்ன மக்ரோ லென்ஸ் வண்ணத்துப்பூச்சிக்கு உதவாது, ஏனென்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிட்டப் போக வேண்டும். முட்டைக்கும் புழுவுக்கும் அது அருமை. தனிக் கமரா இருப்பவர் 100 மில்லிமீற்றர் மக்ரோவோ, கிட்ட நின்று எடுக்கக்கூடிய 300 மில்லிமீற்றர் சூமோ வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம், பென்சில், தண்ணீர், ஒரு குடை. குடை வெயிலுக்கு மட்டுமில்லை, கடும் வெயிலில் புழுவுக்கு நிழல் பிடித்தால் நிறம் உள்ளபடி வரும்.

கிட்டப் போவதும் எடுப்பதும்

பூச்சியின் கண் அசைவை உடனே பிடிக்கும். உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் அந்த நொடியே பறந்துவிடும். ஆகவே சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, நிழல் வேறு பக்கம் விழும்படி, தாழ்ந்து, மெதுவாகப் போங்கள். கை இரண்டையும் உடலோடு ஒட்டி வைத்துப் போனை முன்கூட்டியே முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளுங்கள். கிட்டப் போன பிறகு கையைத் தூக்கினால் அது பறந்துவிடும். பறந்துபோனாலும் துரத்த வேண்டாம். பல வகைகள், குறிப்பாகப் பான்சிகள், சுற்றிவிட்டு அதே கல்லுக்கோ அதே கிளைக்கோ திரும்பும். அங்கேயே குந்தியிருங்கள்.

தூரத்தில் முதல் படத்தை எடுத்துவிடுங்கள். அது மங்கலாக இருந்தாலும் பதிவுக்கு உதவும். பிறகு இரண்டு அடி முன்னே, இன்னொன்று. இப்படிப் படிப்படியாக.

சிறகு முழுவதும் தெளிவாக வர வேண்டுமானால் கமராவின் முகமும் சிறகின் தட்டையான பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். சிறகு மூடியிருந்தால் பக்கவாட்டில் நில்லுங்கள், விரித்திருந்தால் மேலிருந்து. சரிவாக நின்றால் பாதிச் சிறகு மங்கும், அந்த மங்கிய பாதியில்தான் இனத்தைச் சொல்லும் புள்ளி இருக்கும். குவியத்தைக் கண்ணில் வையுங்கள். கமராக்காரர்கள் ஷட்டரை 1/500க்குக் குறையாமலும் துளையை எஃப் 8 அளவிலும் வைத்துத் தொடங்கலாம். வெள்ளை, மஞ்சள் பூச்சிகளுக்கு வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறையுங்கள். போனில் திரையைத் தொட்டு விரலைக் கீழே இழுத்தால் போதும். குறைக்காவிட்டால் ஜெசபெலும் எமிக்ரன்றும் வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும், புள்ளியோ நரம்போ மிஞ்சாது.

ஒரு பூச்சிக்கு நான் எப்போதும் தேடும் படங்கள் இவை: சிறகின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம், தலையும் உணர்கொம்பும், அது உட்கார்ந்த செடி. நான்கும் கிடைப்பது அரிது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கீழ்ப்பக்கத்தை எடுங்கள். பின்னணி மங்கிய அழகான முகப் படம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பெயர் வைக்கும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

பிடித்து வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் குளிரூட்டி, மயங்கிய பூச்சியைப் பூவில் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் பூச்சி எந்தப் பூவுக்கு வந்தது, எப்படி உட்கார்ந்தது என்ற செய்தி எதுவும் உண்மையில்லை. அதை நான் ஏற்கவில்லை.

பெயர் கண்டுபிடிப்பது

முதலில் வண்ணத்துப்பூச்சியா அந்துப்பூச்சியா என்று பிரியுங்கள். உணர்கொம்பின் நுனி உருண்டு தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. நூல் போலவோ சீப்புப் போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பகலில் பறப்பது, வண்ணமாக இருப்பது இவற்றை நம்ப வேண்டாம், பகலில் பறக்கும் வண்ண அந்துப்பூச்சிகள் பல உண்டு. அடுத்து கால்களை எண்ணுங்கள். நான்கு காலில் மட்டும் நிற்பதாகத் தெரிந்தால் அது டைகர், குரோ, பான்சி, பேரன் எல்லாம் அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றின் முன்னங்கால் இரண்டும் குறுகி மடங்கியிருக்கும்.

அதன் பிறகுதான் ஒத்த தோற்றக்காரர்களைப் பிரிக்கும் வேலை. இதில் நேரம் செலவிடுங்கள், இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இங்கேதான் இருக்கிறது.

எருக்கலையில் வளரும் பிளேன் டைகரைப் பறவைகள் தின்ன விரும்புவதில்லை, செடியின் நச்சு உடலில் சேர்ந்திருக்கும். அந்தப் பாதுகாப்பை டனயிட் எக்ஃப்ளையின் பெண் உடையாகப் போட்டுக்கொள்கிறது: அதே செம்மஞ்சள், அதே கறுப்பு நுனி, அதே வெள்ளைப் பட்டி. பின்சிறகைப் பாருங்கள். பிளேன் டைகருக்கு நடுவில் மூன்று கறுப்புப் புள்ளிகள், ஆணுக்கு நாலாவதாக வாசனைப் பை ஒன்று கூடும். எக்ஃப்ளைப் பெண்ணுக்கு மேல் விளிம்போரம் ஒரே ஒரு புள்ளி. எக்ஃப்ளையின் ஆண் இவை எதையும் ஒத்திருக்காது. கறுப்புச் சிறகில் ஊதா விளிம்பிட்ட வெள்ளை வட்டங்கள் இருக்கும். இனி, செம்மஞ்சள் சிறகில் நரம்பெல்லாம் தடித்த கறுப்புக் கோடாக ஓடினால் அது மூன்றாவது ஆள், ஸ்ட்ரைப்ட் டைகர்.

கொமன் மோர்மனின் கதை இன்னும் சிக்கல். ஆண் கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் பட்டி. பெண் மூன்று தோற்றங்களில் வரும்: ஒன்று ஆணைப் போலவே, ஒன்று கொமன் ரோஸைப் போல, ஒன்று கிரிம்சன் ரோஸைப் போல. ரோஸ்கள் ஈச்சுரமூலி உண்டு நச்சேறியவை, அதனால்தான் இந்த வேடம். சிறகை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குழப்பம் தீராது. உடலைப் பாருங்கள். உடல் சிவப்பென்றால் ரோஸ், கறுப்பென்றால் மோர்மன் பெண். ரோஸ்கள் இரண்டுக்குள் முன்சிறகில் வெள்ளைப் பட்டி இருப்பது கிரிம்சன் ரோஸ். பின்சிறகின் நடுவில் மட்டும் வெள்ளை இருப்பது கொமன் ரோஸ்.

புல்லில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் பூச்சிகளுக்கு முன்சிறகின் கீழ்ப்பக்கம் மட்டுமே தீர்ப்பு. அடிப்பாகத்தை ஒட்டி நரம்புகள் சூழ்ந்த நீள அறைக்குள் இரண்டு சிறு குறிகள் இருந்தால் கொமன் கிராஸ் யெல்லோ, மூன்றென்றால் த்ரீ-ஸ்பொட், ஒன்றென்றால் வன்-ஸ்பொட். குறி தெரியாத படம் என்றால் ‘கிராஸ் யெல்லோ வகை’ என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். அதுவும் சரியான விடைதான். நகமளவு நீலப் பூச்சிகளுக்கும் இதே விதி. மேற்பக்க நீலம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கும், கீழ்ப்பக்கக் கோலம்தான் பிரிக்கும். பயற்றங்கொடியில் பறப்பவற்றில் பீ புளூ, கிராம் புளூ இரண்டையும் கீழ்ப்பக்கத்தால் எளிதில் பிரிக்கலாம். பீ புளூவில் வெள்ளைப் பட்டை ஒன்று ஓரத்தை ஒட்டித் தெளிவாக ஓடும்.

வன்னியில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: மாரிக்கு ஒரு உடை, கோடைக்கு ஒரு உடை. பீகொக் பான்சியின் கீழ்ப்பக்கத்தில் மாரியில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். கோடையில் அவை மறைந்து சிறகின் ஓரம் கூர்ந்து அச்சாகக் காய்ந்த இலையாகிவிடும். வீட்டு விளக்குக்குப் பின்னேரம் வரும் ஈவ்னிங் பிரவுணும் அப்படியே. ஓகஸ்டில் எடுத்த படம் ஜனவரிப் படத்தோடு பொருந்தவில்லை என்பதற்காகப் புது இனம் என்று முடிவெடுக்க வேண்டாம், திகதியைப் பாருங்கள்.

செயலி சொல்லும் பெயரை ஒரு தொடக்கமாக மட்டும் எடுங்கள். அது ஒத்த தோற்றமுள்ள இந்திய, தென்கிழக்காசிய இனங்களையும் முன்னால் நிறுத்தும். அந்த இனம் இலங்கையில் பதிவாகியிருக்கிறதா, வரண்ட வலயத்தில் வாழுமா, அதன் புழுவின் செடி உங்கள் ஊரில் நிற்கிறதா என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

புழு தேடுவது, வளர்ப்பது

புழுவைத் தேடாதீர்கள், அது விட்ட அடையாளத்தைத் தேடுங்கள். கடித்த இலை, இலையில் ஓட்டை, கீழ் இலையில் மிளகு போன்ற எச்சம், நூலால் சுருட்டிய இலை. அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். தேசியில் குருவி எச்சம் போலக் கிடப்பது லைம் பட்டர்ஃபிளையின் இளம் புழு. கடைசியாகத் தோல் உரித்த பிறகு அதே புழு பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவர்விட்ட செம்மஞ்சள் கொம்பு ஒன்று வெளியே வரும், கடும் நெடியோடு. அது எதிரியை விரட்டத்தான், மனிதருக்குத் தீங்கில்லை.

எருக்கலையிலும் அலரியிலும் உள்ள புழுக்களின் முதுகில் நீண்ட இழைகளை எண்ணுங்கள். மூன்று சோடி என்றால் பிளேன் டைகர், நான்கு சோடி என்றால் கொமன் குரோ. குரோவின் கூடு வெள்ளியும் பொன்னும் கலந்த மினுக்கம், படம் எடுக்கக் கொஞ்சம் நிழல் வேண்டும். ஈச்சுரமூலியில் இருக்கும் கரும்புழுவின் நடுவில் வெள்ளைப் பட்டி இருந்தால் கொமன் ரோஸ், இல்லாவிட்டால் கிரிம்சன் ரோஸ்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தலைக்கு நேரே ஒன்று, செடியின் இலையும் பூவுமாக ஒன்று. பக்கப் படம் கால்களுக்காக. நெஞ்சில் மூன்று சோடி உண்மைக் கால்கள், வயிற்றில் சதைக் கால்கள். சதைக் கால் ஐந்து சோடிக்கு மேல் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சிப் புழுவும் இல்லை, அந்துப்பூச்சிப் புழுவும் இல்லை, குளவி இனத்தின் உறவான இலைக்குளவியின் புழு. பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து ஒரு படம் எடுத்தால் அளவும் பதிவாகிவிடும்.

மயிர்க்கொட்டியைத் தொட வேண்டாம். முருங்கை மரத்தில் பட்டையோடு பட்டையாகக் கூட்டமாகக் கிடப்பவை பலருக்குப் பழக்கம். அதன் மயிர் தோலில் பட்டால் தடித்துக் கடிக்கும். பச்சையாக, நத்தை போல ஊர்ந்து, முள் பூத்திருக்கும் புழுக்கள் அதைவிட மோசம். பட்டுவிட்டால் தேய்க்காமல் பிசின் நாடாவை ஒட்டி உரித்து மயிரை எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு முட்டினாலோ நேரே வைத்தியசாலை.

பெயர் தெரியாத புழுவுக்கு நம்பகமான வழி, வளர்த்துப் பார்ப்பதுதான். உங்கள் வளவில் கிடைத்த ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். காற்றுப் போகும்படி வலைத்துணி கட்டிய பிளாஸ்ரிக் டப்பா, அடியில் ரிஷ்யூ, அதே செடியின் புதிய இலை, சாய்வாக ஒரு குச்சி. எச்சத்தை நாளாந்தம் துடையுங்கள், இலையில் தண்ணீர்த் துளி நிற்க விடாதீர்கள், பூச்சிமருந்து அடித்த இலை வேண்டவே வேண்டாம். உணவை நிறுத்தி அங்குமிங்கும் அலைந்தால் கூடு கட்டும் இடம் தேடுகிறது என்று அர்த்தம். அப்போது டப்பாவை அசைக்காதீர்கள். லைம், மோர்மன், எமிக்ரன்ற் போன்றவை இடுப்பில் ஒரு நூலைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். டைகர், குரோ, பான்சி போன்றவை தலைகீழாகத் தொங்கும். வெயில் காலத்தில் ஒரு கிழமை முதல் இரண்டு கிழமைக்குள் பூச்சி வரும். வெளிவருவதற்கு முதல் நாள் கூடு கறுத்து, உள்ளே சிறகின் கோலம் தெரியும். பெரும்பாலும் காலையில் வெளிவரும். சிறகு காய்ந்து விறைக்கும் வரை தொடாமல் விட்டு, புழு கிடைத்த செடிக்குப் பக்கத்தில் பறக்க விடுங்கள்.

சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவியோ ஈயோ வரும். அவை புழுவுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிகள். அதையும் படம் எடுத்து, எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். இந்தத் தகவல் மற்றவர்களிடம் மிக அரிதாகத்தான் இருக்கும்.

இரவில் அந்துப்பூச்சி

உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒரு வெள்ளைத் துணி, அதன் முன் ஒரு பிரகாசமான லைற். இவ்வளவுதான். ஊதாக் கதிர் தரும் லைற் இருந்தால் கூட்டம் கூடும், சாதாரண எல்ஈடிக்குக் குறைவாகவே வரும். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, மழை பெய்து புழுங்கும் இரவு மிக நல்லது. ஏழு மணி முதல் பத்து மணி வரை பாருங்கள். வீட்டு முற்றத்திலேயே செய்யுங்கள், காட்டோரம் வேண்டாம். நிலத்தில் தேள் திரியும், டோர்ச் அடித்து நடவுங்கள். முடித்ததும் லைற்றை அணைத்துத் துணியை மெல்ல உதறிவிட வேண்டும். விடிய விட்டால் குருவியும் பல்லியும் எல்லாவற்றையும் தின்று தீர்க்கும்.

துணியில் வருபவற்றில் விவசாயிக்கு வேண்டிய செய்தி நிறைய இருக்கிறது. முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உள்ள வைக்கோல் மஞ்சள் பூச்சி, நெல்லின் தண்டுத் துளைப்பானின் பெண். சோளத்தைச் சிதைக்கும் படைப்புழு இலங்கையில் 2018இல் கண்டறியப்பட்டது. அதன் புழுவின் தலையில் தலைகீழ் ஆங்கில வை எழுத்துப் போலக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். எள்ளுத் தோட்டத்தில் விரல் தடிப்பில், வாலில் கொம்போடு ஊரும் புழு வளர்ந்தால் டெத்ஸ்-ஹெட் ஹோக்மொத். நெஞ்சில் மண்டையோடு போன்ற கோலம், பிடித்தால் கீச்சிடும், தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும். அதைக் கண்டு அபசகுனம் என்று அடித்துக் கொல்பவர்கள் இருக்கிறார்கள். கொம்பு கொட்டாது, பூச்சி கடிக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பதிவு

படம் போனில் கிடந்தால் யாருக்கும் பயனில்லை. ஐநேச்சுரலிஸ்ட் இலவசம். கணக்குத் திறந்து, ஒரு பூச்சியின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவாகப் போட்டு, திகதி, இடம், செடியின் பெயர், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். புழுவையும் அதே புழுவிலிருந்து வந்த பூச்சியையும் இரண்டு பதிவாகப் போட்டு ஒன்றில் மற்றதன் இணைப்பைக் கொடுங்கள். மற்றவர்கள் பார்த்து இனத்தை உறுதி செய்தால் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயர்ந்து ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உலகத் தரவுத்தளத்துக்குப் போகும். ஒருவர் உங்கள் பெயரைத் திருத்தினால் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள், பெரும்பாலானோர் பொறுமையாக விளக்குவார்கள்.

வீட்டு வளவில் எடுத்தவற்றுக்கு இடத்தை மங்கலாக்கும் தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள். பழைய போனில் கிடக்கும் படங்களையும் விட்டுவிட வேண்டாம். எடுத்த திகதியும் ஊரும் நினைவிருந்தால் ஐந்து ஆண்டு பழைய மங்கல் படமும் ஏற்கப்படும். கலியாண வீட்டுப் படத்தின் மூலையில் செவ்வரத்தையில் உட்கார்ந்த ஒரு புளூ மோர்மன் இருந்தால், அந்த மூலையை வெட்டி ஏற்றுங்கள்.